எல்லாருக்கும் பொருந்தும் ஒரே கேமரா ஏன் கிடைக்காது? உங்களுக்கானதைக் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

"எந்தக் கேமரா நல்லது?" என்று யாராவது கேட்டால் உடனே ஒரு மாடல் பெயரைச் சொல்லிவிடலாம். ஆனால் கேட்டவர் பறவைகளைத் தேடிப் போகிறவரா, வீட்டுக்குள் ஓடும் குழந்தையைப் படம் பிடிக்க நினைக்கிறவரா, கட்டடங்களை எடுக்கிறவரா என்று தெரியாமல் சொல்கிற பதில் பெரும்பாலும் சொன்னவருக்குத்தான் பொருந்தும். எல்லாருக்கும் பொருந்துகிற டிஜிட்டல் கேமரா இன்று இல்லை, நாளைக்கு வந்துவிடும் என்று காத்திருப்பதிலும் பயன் இல்லை. கேமரா கம்பெனிகளுக்குத் திறமை போதவில்லை என்பதல்ல விஷயம், ஒளியின் இயல்பே அப்படி. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறைந்தே தீரும். ஆனால் உங்கள் ஒருவருக்கு, நீங்கள் எடுக்கும் படங்களில் பெரும்பகுதிக்கு, ஒரே கேமரா நன்றாகவே பொருந்தும். அதைக் கண்டுபிடிக்கிற வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். படிகளின் வரிசை முக்கியம். பலரும் பாடியை, அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமராவை, முதலில் வாங்கிவிட்டு லென்ஸைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பதால்தான் பணம் வீணாகிறது.

படி 1: ஏன் முடியாது என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள்

இதைத் தாண்டிப் போகவேண்டாம், ஏனென்றால் இது புரிந்துவிட்டால் விளம்பரங்களில் பாதியை நீங்களே எடைபோட்டுவிடுவீர்கள்.

லென்ஸில் எழுதியிருக்கும் எஃப் எண் என்பது குவிய நீளத்தை (தூரத்தில் இருப்பதை லென்ஸ் எவ்வளவு பெரிதாகக் காட்டும் என்பதைச் சொல்லும் மி.மீ. எண்) துளையின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது. எஃப் எண் சிறியது என்றால் துளை பெரியது. ஆகவே 600 மி.மீ. எஃப்/4 லென்ஸ் என்றால் ஒளி நுழையும் துளையின் விட்டம் 150 மி.மீ. இருக்க வேண்டும், அதைவிடச் சிறிய முன்கண்ணாடியை வைத்து அந்த லென்ஸை யாராலும் செய்ய முடியாது. எவ்வளவு பெரிய தொழில்நுட்பம் வந்தாலும் அந்த 150 மி.மீ. சட்டைப்பைக்குள் போகாது. தூரத்தில் இருப்பதை மங்கலான வெளிச்சத்தில் எடுக்க வேண்டும் என்பதும், கேமரா பாக்கெட்டில் இருக்க வேண்டும் என்பதும் ஒரே நேரத்தில் நடக்காது என்பது இங்கேயே முடிவாகிவிடுகிறது.

அப்படியானால் 2018இல் வந்த நிக்கான் பி1000 எப்படி 3000 மி.மீ.க்கு இணையான ஜூமை 1.4 கிலோவில் கொடுக்கிறது? ஒளியைப் பதிவுசெய்யும் சென்சாரைச் சிறிதாக்கித்தான். அதன் உண்மையான குவிய நீளம் 539 மி.மீ., அந்த முனையில் துளை எஃப்/8. சென்சாரின் பரப்பு ஃபுல் ஃப்ரேமில், அதாவது 36×24 மி.மீ. சென்சாரில், ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. இணையான என்று சொல்வது, ஃபுல் ஃப்ரேமில் அதே கோணத்தைத் தரும் குவிய நீளத்தை. நல்ல வெயிலில் தூரத்துக் கொக்கையும் இரவில் பிரகாசமான நிலாவையும் சட்டம் நிறைய எடுத்துத் தரும், அந்த வேலைக்கு அது அருமையான கேமரா. சூரியன் சாய்ந்த பிறகு அதே கொக்கு பறக்கத் தொடங்கினால் அதனிடம் எதிர்பார்க்க அதிகம் இல்லை.

சென்சாருக்குள்ளும் இதே இழுபறிதான். சோனியையே எடுத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட ஒரே அளவு பாடியில், 12 மெகாபிக்சல் உள்ள ஏ7எஸ் வரிசையையும், 61 மெகாபிக்சல் உள்ள ஏ7ஆர் 5ஐயும், நொடிக்கு 120 படம் எடுக்கும் ஏ9 3ஐயும் தனித்தனியாக விற்கிறது. மூன்றையும் ஒன்றாக்க முடிந்திருந்தால் ஆக்கியிருக்கும். பிக்சல் கூடினால் சென்சாரிலிருந்து படிக்க வேண்டிய தரவு கூடுகிறது, வேகம் குறைகிறது. 2023இல் அறிவிக்கப்பட்ட ஏ9 3 எல்லாப் பிக்சலையும் ஒரே கணத்தில் படிக்கும் குளோபல் ஷட்டருடன் வந்தது. வேகமாகச் சுழலும் மட்டை வளைந்து தெரியும் தொல்லை போயிற்று, ஃப்ளாஷை எந்த ஷட்டர் வேகத்திலும் (ஒளியை உள்ளே விடும் நேரம்) பயன்படுத்தலாம் என்றாயிற்று. அதற்கு விலையாக அதன் அடிப்படை ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்வைச் சொல்லும் எண்) 250 ஆக உயர்ந்தது, அதாவது நிலக்காட்சி எடுக்கிறவர் விரும்பும் 64, 100 எல்லாம் அதில் இயல்பாகக் கிடையாது.

இதைவிடத் தெளிவான சாட்சி வானத்தை எடுப்பவர்களுக்காக வந்த கேமராக்கள். வானில் சிவப்பாக ஒளிரும் ஹைட்ரஜன் மேகங்களின் ஒளி 656 நானோமீட்டர் அலைநீளத்தில் வருகிறது. சாதாரணக் கேமராவின் சென்சார் முன்னால் இருக்கும் ஃபில்டர் அந்தச் சிவப்பில் பெரும்பகுதியை வெட்டிவிடுகிறது, ஏனென்றால் அதை விட்டுவைத்தால் பகல் படங்களில் மனிதத் தோலின் நிறம் கெடும். ஆகவே கேனான் 2005இல் 20டிஏ, 2012இல் 60டிஏ என்றும், நிக்கான் 2015இல் டி810ஏ என்றும் அந்த ஃபில்டரை மாற்றித் தனி மாடல்களையே வெளியிட்டன. ஒருவருக்குத் தேவையான ஒளி இன்னொருவருக்குக் கெடுதல்! லைகா 2012இல் கொண்டுவந்த எம் மோனோகுரோம் இன்னும் ஒரு படி மேலே போய், வண்ண ஃபில்டரையே எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளை மட்டும் எடுக்கிறது. கூர்மையும் ஒளி உணர்வும் கூடின, வண்ணம் அடியோடு போயிற்று.

படி 2: உங்கள் பழைய படங்களைத் தோண்டுங்கள்

புதுக் கேமராவைப் பற்றிப் படிப்பதற்கு முன்னால் ஏற்கெனவே எடுத்த படங்களைப் பாருங்கள், ஃபோனில் எடுத்தவை என்றாலும் சரி. ஒவ்வொரு படத்துக்குள்ளும் குவிய நீளம், துளை, ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ எல்லாம் பதிவாகி இருக்கும். கணினியிலோ ஃபோனிலோ படத்தின் விவரங்களைத் திறந்தால் தெரியும். உங்களுக்குப் பிடித்த படங்களில் எந்தக் குவிய நீளம் திரும்பத் திரும்ப வருகிறது என்று பாருங்கள். 24 முதல் 200 வரை போகும் ஜூம் வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கும் பலர் உண்மையில் 28க்கும் 50க்கும் நடுவிலேயே வாழ்கிறார்கள்.

அடுத்து, கெட்டுப்போன படங்களைத் தனியாக எடுத்து வையுங்கள். நல்ல படங்களைவிட இவைதான் அதிகம் சொல்லும், ஆகவே அழிக்காதீர்கள்.

பின்னணி கூர்மையாக இருந்து ஆள் மட்டும் கலங்கியிருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. ஓடுகிற குழந்தைக்கு 1/500 நொடியாவது வேண்டும், பறக்கும் பறவைக்கு 1/2000க்குக் குறையாமல் இருந்தால் நல்லது. கேமராவுக்குள் இருக்கும் நடுக்கத் தடுப்பு இங்கே எந்த உதவியும் செய்யாது, அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் சமாளிக்கும், எதிரில் இருப்பவரை நிற்க வைக்காது. இதற்குத் தேவை பெரிய துளை உள்ள லென்ஸ், அல்லது ஃப்ளாஷ், அல்லது ஐஎஸ்ஓவைக் கூட்டினாலும் தாங்கும் சென்சார்.

படம் முழுக்கவே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை நடுங்கியிருக்கிறது. நடுக்கத் தடுப்பு உள்ள பாடியோ லென்ஸோ இதைத் தீர்க்கும், ட்ரைபாட் இன்னும் நன்றாகத் தீர்க்கும். தடுப்பு இல்லாத லென்ஸில் ஷட்டர் வேகம் குறைந்தது நொடியில் குவிய நீளத்தில் ஒரு பங்காக இருக்கட்டும் என்பது பழைய கணக்கு: 200 மி.மீ. என்றால் 1/200. இன்றைய அதிக மெகாபிக்சல் சென்சார்களில் அந்த வேகத்தையும் இரட்டிப்பாக, அதாவது 1/400 ஆக, வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

முகம் மங்கலாகவும் காது மட்டும் தெளிவாகவும் இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. புதுப் பாடி வாங்குவதற்கு நியாயமான காரணம் என்றால் என் கணிப்பில் இதுதான் முதலிடம், ஏனென்றால் கண்ணைத் தேடிப் பிடித்துத் தொடரும் ஆட்டோஃபோகஸ் கடந்த சில ஆண்டுகளில் வளர்ந்த அளவுக்குக் கேமராவில் வேறு எதுவும் வளரவில்லை.

படமே எடுக்காமல் விட்ட தருணங்கள் எந்தக் கோப்பிலும் இருக்காது, அவற்றையும் நினைத்துப் பாருங்கள். கேமரா வீட்டில் இருந்தது, பையின் அடியில் இருந்தது, எடுத்துக்கொண்டு போகச் சலிப்பாக இருந்தது என்றால் உங்கள் பிரச்சினை எடை. அதற்கு இன்னும் பெரிய கேமரா வாங்குவது எப்படித் தீர்வாகும்? எல்லாம் சரியாக இருந்தும் படம் சப்பென்று இருக்கிறது என்றால் அங்கே கேமராவைத் தொடவே வேண்டாம். நேரத்தை மாற்றுங்கள், நிற்கும் இடத்தை மாற்றுங்கள், ஒளி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

படி 3: எதை எடுக்கிறீர்களோ அது கேட்பதை எழுதுங்கள்

ஒரு தாளில் உங்கள் முதன்மைப் பொருள் ஒன்று, இரண்டாம் பொருள் ஒன்று, அவ்வளவுதான் எழுதுங்கள். மூன்றாவது எழுதினால் தேர்வு கலைந்துபோகும்.

பறவைகள், காட்டு விலங்குகள் என்றால் தூரம், வேகம், விடியற்கால வெளிச்சம் மூன்றும் சேர்ந்து தாக்கும். 400 மி.மீ.க்குக் குறைந்த லென்ஸில் சிறு பறவைகள் புள்ளியாகத்தான் தெரியும், 500, 600 வரை போனால் நல்லது. ஆட்டோஃபோகஸ் பறவையின் கண்ணை அடையாளம் காண வேண்டும், தொடர்ந்து எடுக்கும்போது கேமராவின் தற்காலிக நினைவகம் நிரம்பி நின்றுவிடக்கூடாது. நொடிக்கு 20 படம் என்று பெட்டியில் போட்டிருக்கும், ஆனால் இரண்டே நொடியில் நிரம்பி மூச்சுவாங்கும் கேமராவில் அந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை. ஆகவே எத்தனை நொடி தாக்குப்பிடிக்கும் என்று பாருங்கள்.

திருமணம், மேடை நிகழ்ச்சி போன்றவற்றை எடுப்பவர்களுக்கு வேறு கணக்கு. திரும்ப நடக்காத நிகழ்ச்சியை எடுக்கிறீர்கள், ஆகவே இரண்டு மெமரி கார்டு இடம் இருப்பது ஆடம்பரம் அல்ல, ஒரே நேரத்தில் இரண்டிலும் பதிவாக வேண்டும். எஃப்/2.8 ஜூமோ எஃப்/1.8 பிரைமோ (ஜூம் இல்லாத, ஒரே குவிய நீளம் உள்ள லென்ஸ்) வேண்டும். சத்தமில்லாத ஷட்டர் இருந்தால் மேடைக்கு அருமை, ஆனால் அங்கே ஒரு பொறி இருக்கிறது. மிரர்லெஸ் கேமராக்களில் (லென்ஸில் வரும் ஒளியைக் கண்ணுக்குத் திருப்பும் கண்ணாடி உள்ளே இல்லாதவை) பலவும் எலக்ட்ரானிக் ஷட்டரில் சென்சாரை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கின்றன. அந்தப் படிப்பு மெதுவாக இருந்தால் எல்இடி விளக்குகளின் கீழ் படம் முழுக்கப் பட்டை பட்டையாகக் கோடு விழும். 2021இல் வந்த நிக்கான் இஸட்9 முழுச் சென்சாரையும் ஏறத்தாழ 1/270 நொடியில் படித்துவிடுவதால்தான் இயந்திர ஷட்டரே இல்லாமல் வந்தது. சாதாரண சென்சார்கள் இதைவிடப் பல மடங்கு மெதுவானவை. மேடைக்காரர்கள் வாங்கும் முன் எல்இடி விளக்கின் கீழ் இதைச் சோதித்தே ஆகவேண்டும்.

தெருக் காட்சிகளும் பயணமும் எடுப்பவர்களுக்குக் கேமரா கையில் இருப்பதே பாதி வேலை. ரிக்கோ ஜிஆர் 3 பேட்டரியோடு 257 கிராம்தான், உள்ளே ஏபிஎஸ்-சி சென்சார் (ஃபுல் ஃப்ரேமுக்கு அடுத்த சிறிய அளவு), 28 மி.மீ.க்கு இணையான நிலையான லென்ஸ். தரத்தில் குறையே இல்லை, ஆனால் ஜூம் இல்லை, கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இல்லை, மழையைத் தாங்கும் அடைப்பும் இல்லை. இதற்கு நேர் எதிராக ஓஎம் சிஸ்டத்தின் டிஜி-7 தண்ணீருக்கு அடியில் 15 மீட்டர் வரை எந்தக் கவசமும் இல்லாமல் இறங்கும், ஆனால் சென்சார் மிகச் சிறியது. இரண்டுமே பாக்கெட் கேமராக்கள், ஒன்று செய்வதை மற்றொன்று செய்யாது.

நிலக்காட்சிக்கு ட்ரைபாடும் பொறுமையும் இருந்தால் கடந்த பத்தாண்டில் வந்த எந்த நல்ல கேமராவும் போதும். கட்டடங்களுக்குக் கோடுகள் சாயாமல் இருக்க ஷிஃப்ட் லென்ஸ் தேவைப்படலாம், அதை எல்லா நிறுவனமும் செய்வதில்லை, முதலிலேயே பாருங்கள். பூச்சி, பூ போன்ற மேக்ரோ வேலைக்குப் பாடியைவிட 1:1 உருவளவு (பொருளின் உருவம் சென்சாரில் அதன் நிஜ அளவிலேயே விழுவது) தரும் லென்ஸும் ஒளியைப் பரப்பும் ஃப்ளாஷும் முக்கியம். வீடியோதான் முதன்மை என்றால் மைக் இணைப்பு, எவ்வளவு நேரம் சூடாகாமல் ஓடும், 10 பிட் பதிவு (நிறங்களை நுணுக்கமாகப் பதிவது) உண்டா என்ற மூன்றைப் பார்த்தபிறகு மற்றதைப் பாருங்கள்.

படி 4: சென்சார் அளவைத் தேர்ந்தெடுங்கள்

ஃபுல் ஃப்ரேம் 36×24 மி.மீ. ஏபிஎஸ்-சி சுமார் 23.5×15.6, கேனானில் இன்னும் சற்றுச் சிறியது. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3×13. ஒரு அங்குலம் என்று சொல்லப்படும் சென்சார் உண்மையில் 13.2×8.8 மி.மீ.தான். இன்றைய டிஜிட்டல் மீடியம் ஃபார்மட் பெரும்பாலும் 44×33.

பரப்பைக் கணக்கிட்டால் ஃபுல் ஃப்ரேம் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸைப்போல் கிட்டத்தட்ட நான்கு மடங்கு, அதாவது ஒரே எஃப் எண்ணில் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு ஒளி) அதிக ஒளியைச் சேர்க்கிறது. ஏபிஎஸ்-சியைவிட ஒரு ஸ்டாப்புக்குச் சற்று மேல். பின்னணி மங்கலிலும் இதே கணக்குதான்: மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 25 மி.மீ. எஃப்/1.4 கொடுக்கும் கோணமும் மங்கலும் ஃபுல் ஃப்ரேமில் 50 மி.மீ. எஃப்/2.8 கொடுப்பதற்கு இணை. "சின்ன சென்சாரிலும் அதே எஃப்/1.4தானே" என்று சொல்வது வெளிச்சத்தைச் சரியாக அமைக்கும் கணக்குக்குச் சரி, படத்தின் தோற்றத்துக்கு அல்ல.

ஆனால் பெரிய சென்சாரே எப்போதும் மேல் என்று நான் நினைக்கவில்லை. மேக்ரோவில் தெளிவு ஆழம் (முன்னும் பின்னும் எவ்வளவு தூரம் கூர்மையாகத் தெரியும் என்பது) போதாமல்தான் எல்லாரும் திண்டாடுகிறோம், அங்கே சின்ன சென்சார் வேலையைச் சுலபமாக்குகிறது. பறவைக்காரர்களுக்கும் அப்படியே: 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சியில் விழும் பறவை, அதே லென்ஸில் 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேமில் விழும் பறவையைவிட அதிகப் பிக்சலில் பதிவாகும். ஃபுல் ஃப்ரேமில் அதே அடர்த்தி வேண்டுமானால் 50, 60 மெகாபிக்சல் பாடிக்குப் போக வேண்டும். மலை ஏறுகிறவருக்கோ நாள் முழுக்கத் தோளில் சுமக்கிறவருக்கோ, சிறிய சென்சாரால் லென்ஸில் மிச்சமாகும் எடை இரண்டு ஸ்டாப்பைவிடப் பெரிது. உங்கள் கெட்டுப்போன படங்களில் இருட்டால் கெட்டவை அதிகமா, எடையால் தவறியவை அதிகமா என்பதை வைத்து இதைத் தீர்மானியுங்கள்.

படி 5: லென்ஸை முடிவுசெய்யுங்கள், மவுன்ட் தானாக முடிவாகும்

என் கருத்தில் முழு வழிகாட்டியிலும் இதுதான் முக்கியமான இடம். பாடி சில ஆண்டுகளில் பழசாகிவிடும், நல்ல லென்ஸ் இரண்டு மூன்று பாடிகளைத் தாண்டி நிற்கும். ஆகவே அடுத்த சில ஆண்டுகளில் உங்களுக்குத் தேவைப்படும் மூன்று லென்ஸ்களை எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு மவுன்ட்டிலும் (லென்ஸைப் பாடியில் பொருத்தும் அமைப்பு) அந்த மூன்றும் இருக்கின்றனவா, மூன்றும் சேர்ந்து எவ்வளவு எடை, பழைய சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றனவா, வேறு நிறுவனங்கள் அந்த மவுன்ட்டுக்கு லென்ஸ் செய்கின்றனவா என்று பாருங்கள். பாடியை வைத்துப் பார்த்தால் தலைசுற்றும் தேர்வு, இந்தக் கேள்விகளுக்குப் பிறகு பெரும்பாலும் ஒன்றிரண்டாகச் சுருங்கிவிடும்.

வீட்டில் பழைய டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி உள்ள கேமரா) லென்ஸ்கள் இருந்தால் தூக்கிப்போட வேண்டாம். லென்ஸ் பொருந்தும் முகத்துக்கும் சென்சாருக்கும் நடுவில் இருக்கும் தூரம் கேனான் இஎஃப்பில் 44 மி.மீ., நிக்கான் எஃப்பில் 46.5 மி.மீ. கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸில் அது சோனி இ-யில் 18, நிக்கான் இஸட்டில் 16, கேனான் ஆர்எஃப்பில் 20. இடையில் மிச்சமாகும் இடத்தில் அடாப்டர் உட்கார்ந்துகொள்ளும், ஆகவே பழைய லென்ஸ் புதிய பாடியில் வேலை செய்யும். மிரர்லெஸ் லென்ஸை டிஎஸ்எல்ஆரில் போட முடியாததற்கும் இதே தூரம்தான் காரணம். நிக்கான் பழைய லென்ஸ் வைத்திருப்பவர்கள் ஒன்று கவனிக்க: ஃபோகஸ் மோட்டார் லென்ஸுக்குள் இல்லாத பழைய மாடல்கள் நிக்கானின் எஃப்டிஇஸட் அடாப்டரில் தானாக ஃபோகஸ் ஆகாது, கையால்தான் திருப்ப வேண்டும்.

இரண்டு மவுன்ட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிவைப்பது ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் கதைதான், இரண்டிலும் பாதி லென்ஸோடு நிற்பீர்கள். தொழிலாகச் செய்பவர்களுக்கு வேறு நியாயங்கள் இருக்கலாம், மற்றவர்கள் ஒன்றில் நில்லுங்கள்.

படி 6: எண்களை எடைபோடுங்கள்

மெகாபிக்சலுக்கு ஒரு சுலபமான அளவுகோல் இருக்கிறது. 24 மெகாபிக்சல் என்பது 6000×4000. அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சடித்தால் 20×13 அங்குலம் வரும். 4கே திரையில் மொத்தமே 8.3 மெகாபிக்சல்தான் தெரியும். இதற்கு மேல் வேண்டும் என்றால் ஏன் வேண்டும் என்று உங்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும்: பெரிய அச்சு, கடுமையாக வெட்டிப் பயன்படுத்துவது, துணி நகை போன்ற நுண்ணிய வேலைப்பாடு. காரணம் இல்லாமல் 60க்குப் போனால் கூடுவது கோப்பின் அளவும் கணினியின் சுமையும்தான்.

பேட்டரி விஷயத்தில் டிஎஸ்எல்ஆர் இன்னும் தோற்கவில்லை. நிக்கான் டி850க்கு ஒரு சார்ஜில் 1,840 படம் என்று தரநிலைச் சோதனையில் கணக்கு, மிரர்லெஸ்களில் பல சில நூறுகளில் நிற்கும். நடைமுறையில் அந்தக் கணக்கைவிட அதிகம் எடுக்கலாம் என்றாலும், மின்சாரம் இல்லாத இடங்களில் நாள்கணக்கில் இருப்பவர்கள் இதைச் சிறிய விஷயமாக எடுத்துக்கொள்ளக்கூடாது. அதிகபட்ச ஐஎஸ்ஓ என்று போட்டிருக்கும் பெரிய எண்ணை மட்டும் கண்டுகொள்ளவே வேண்டாம், அது வரை போக முடியும் என்பதற்கும் போனால் படம் நன்றாக இருக்கும் என்பதற்கும் சம்பந்தமே இல்லை.

படி 7: கையில் எடுத்துப் பாருங்கள், கண்ணில் வைத்துப் பாருங்கள்

எல்லாருக்கும் ஒரே கேமரா என்பது உடம்பின் அளவிலேயே தோற்றுப்போகிறது. இன்று விற்கும் கேமராக்களில் ஏறக்குறைய எல்லாமே ஷட்டர் பொத்தானை வலது கைக்கே வைத்திருக்கின்றன. வலது கையில் பிடிப்பு குறைந்தவர்களுக்கும் மூட்டுவலி உள்ளவர்களுக்கும் அதைவைத்து ஒரு கிலோ எடையைத் தூக்குவது எளிதல்ல. அப்படிப்பட்டவர்கள் ட்ரைபாட், ரிமோட், ஃபோன் வழியாக இயக்கும் வசதி ஆகியவை எவ்வளவு நன்றாக வேலை செய்கின்றன என்பதை முதல் தகுதியாக வைத்துக்கொள்வது முற்றிலும் நியாயம்.

இடது கண்ணால் பார்க்கிறவர்களா நீங்கள்? வியூஃபைண்டர் இடது மூலையில் இருக்கும் கேமராக்கள் வலது கண்காரர்களுக்கு மூக்கு இடிக்காமல் வசதியாக இருக்கும், உங்களுக்கு அந்த வசதி கிடைக்காது. தொடுதிரையில் மூக்குப் பட்டு ஃபோகஸ் புள்ளி நகர்ந்துகொண்டே இருக்கிறதா என்றும் பாருங்கள். மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் அதைக் கழற்றாமல் சட்டத்தின் நான்கு மூலையும் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு வியூஃபைண்டரின் ஐபாயின்ட் (கண் எவ்வளவு தள்ளி இருந்தாலும் முழுச் சட்டமும் தெரியும் என்ற தூரம்) என்ற அளவு உதவும், 20 மி.மீ.யும் அதற்கு மேலும் இருந்தால் பொதுவாக நல்லது.

கடையில் இப்படிச் சோதியுங்கள். நீங்கள் பயன்படுத்தப்போகும் அதே எடை லென்ஸைப் பொருத்தச் சொல்லுங்கள், வெறும் பாடியைப் பிடித்துப் பார்ப்பது ஏமாற்றிவிடும். கண்ணை வியூஃபைண்டரிலிருந்து எடுக்காமல் ஷட்டர் வேகம், துளை, ஐஎஸ்ஓ, ஃபோகஸ் புள்ளி நான்கையும் மாற்றிப் பாருங்கள். சுண்டுவிரல் பிடிக்க இடமில்லாமல் கீழே தொங்குகிறதா? கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தால் மணிக்கட்டு வலிக்கிறதா? இந்த இரண்டில் ஒன்றுக்கு ஆமாம் என்றால் மற்ற எல்லாம் பிடித்திருந்தாலும் அந்தக் கேமராவை நீங்கள் வீட்டில் வைத்துவிட்டுத்தான் போவீர்கள்.

படி 8: வாங்கும் முன் வாடகைக்கு எடுங்கள், பழையதை ஆராய்ந்து வாங்குங்கள்

இரண்டில் ஒன்று என்று குழம்பினால் இரண்டையும் வாடகைக்கு எடுத்து, உங்கள் முதன்மைப் பொருளை, வழக்கமான மோசமான வெளிச்சத்தில் எடுங்கள். வெயிலில் எடுத்த படங்களை ஒப்பிட்டால் எல்லாக் கேமராவும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

பழைய கேமரா வாங்குவதை நான் மனதாரப் பரிந்துரைப்பேன், பார்த்து வாங்கினால். இயந்திர ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்று கேளுங்கள், நடுத்தரப் பாடிகளில் பலவற்றுக்கு 1,50,000 முதல் 2,00,000 வரை ஆயுள் மதிப்பீடு உண்டு. துளையை எஃப்/16இல் வைத்து வெறும் வானத்தை எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். நகராத கறுப்புப் புள்ளிகள் சென்சார் தூசி, அதைச் சுத்தம் செய்துவிடலாம், ஆனால் கீறலாக இருந்தால் விட்டுவிடுங்கள். லென்ஸின் பின்னாலிருந்து டார்ச் அடித்து முன்னால் பாருங்கள், வலைபோல மெல்லிய இழைகள் தெரிந்தால் பூஞ்சை. அதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம், ஈரமான இடத்தில் மற்ற லென்ஸ்களோடு வைத்தால் அவற்றுக்கும் ஆபத்து. துளையின் இதழ்களில் எண்ணெய்ப் பசை இருக்கிறதா, பேட்டரி அறையின் உலோகத் தொடுமுனைகளில் பச்சை படிந்திருக்கிறதா, எல்லாப் பொத்தானும் திருகும் வேலை செய்கின்றனவா என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள்.

படி 9: ஒன்றுதான் வாங்க முடியும் என்றால்

இத்தனைக்குப் பிறகும் "என்னிடம் முதன்மைப் பொருள் என்று ஒன்று இல்லை, எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் எடுப்பேன்" என்கிறவர்கள் உண்டு, அதில் தவறே இல்லை. அவர்களுக்கு என் பதில்: 24 மெகாபிக்சலைச் சுற்றியுள்ள ஏபிஎஸ்-சி மிரர்லெஸ், கண்ணைத் தேடும் ஆட்டோஃபோகஸ், முடிந்தால் உள்ளே நடுக்கத் தடுப்பு, ஃபுல் ஃப்ரேமில் 24 முதல் 70க்கு இணையான ஒரு ஜூம், வீட்டுக்குள் எடுக்க எஃப்/1.8 அல்லது அதைவிடப் பெரிய துளை உள்ள ஒரு சின்ன பிரைம். பறவைகளும், இருட்டு மேடையின் வேகமான ஆட்டமும், மிகப் பெரிய அச்சும் இதன் எல்லைக்கு வெளியே இருக்கின்றன என்று தெரிந்தே வாங்குங்கள்.

லென்ஸ் மாற்றவே பிடிக்காது என்றால் 2017இல் வந்த சோனி ஆர்எக்ஸ்10 4 போன்ற கேமராக்களைப் பாருங்கள்: ஒரு அங்குல வகைச் சென்சார், 24 முதல் 600 மி.மீ.க்கு இணையான ஜூம், நீள முனையிலும் எஃப்/4. எல்லாவற்றுக்கும் ஒரே கேமரா என்ற ஆசைக்கு மிக அருகில் வந்தது இந்த வகைதான் என்று சொல்வேன், எடை மட்டும் ஒரு கிலோவைத் தாண்டும், இரவில் தடுமாறும்.

பல பேருக்கு உண்மையான விடை இரண்டு கேமரா, அதில் ஒன்று ஏற்கெனவே பாக்கெட்டில் இருக்கும் ஃபோன். பல படங்களை அடுக்கி ஒன்றாக்கும் மென்பொருளால், அசையாத காட்சிகளில் ஃபோன்கள் தங்கள் சென்சார் அளவுக்கு மிஞ்சிய வேலையைச் செய்கின்றன. ஆகவே ஃபோன் நன்றாகச் செய்வதையே செய்யும் இன்னொரு கேமராவுக்குப் பணம் செலவழிக்காமல், அது திணறும் இடங்களுக்கு, அதாவது தூரம், வேகமாக அசைவது, உண்மையான பின்னணி மங்கல், ஃப்ளாஷ் வேலை ஆகியவற்றுக்கு வாங்குங்கள். வாங்கிய பிறகும் ஒரே வகைப் படம் திரும்பத் திரும்பக் கெட்டுப்போனால் முதலில் லென்ஸை மாற்றிப் பாருங்கள், அடுத்து ஒளியைக் கூட்டிப் பாருங்கள், கடைசியில் பாடிக்கு வாருங்கள். பாடியை விற்பது என்று முடிவெடுத்தால் அதே வரிசையின் அடுத்த மாடல் வருவதற்குள் விற்றுவிடுங்கள், லென்ஸ்களைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.